இருபத்தைந்து இல்லாத கப்பல்

காயாவோவிலிருந்து பூசானுக்கு நாலாயிரம் பெட்டிகள்.
கடிகாரங்கள் என் பொறுப்பு.
மேற்கே போகப் போக
மணி மணியாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வந்தவள்
இன்றைக்கு ஒரே தள்ளில்
ஒரு நாளையே முன்னுக்குத் தள்ள வேண்டும்.

உணவறைப் பலகையில் எழுதினேன்:
இரவு பன்னிரண்டுக்குத் தேதிக்கோடு.
24க்குப் பிறகு 26.
இப்படிக்கு, இரண்டாம் அதிகாரி பொகுமிலா.

முதலில் சிரித்தவன் எல்பிடியோ.
"எங்களுக்குச் செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிட்டது மேடம்.
ஒரு நாள் போனால் என்ன,
கடலில் ஒரு குடம்."
ஒன்பது விடியலும் மூன்றரைக்கு எழுந்து
கயிற்றறையில் கைவிளக்கேற்றி ஜெபித்தவன் அவன்தான்.
அரிசிமாவுப் பணியாரத்துக்கு வாழையிலை கிடைக்காமல்
அலுமினியத் தாளோடு சண்டை போட்டவனும்.

தெஸ்ஃபாலெம் மின்பெட்டிக்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை.
"என் நாள் ஜனவரி ஏழு.
எங்கள் ஊரில் வருஷமே ஏழு பின்னால் நிற்கிறது.
உங்கள் கோடு என்னை என்ன செய்யும்?"
நோன்பு. கறி தொடுவதில்லை.
உடைந்த துடைப்பக் கட்டையை
நுனி வளையச் செதுக்கிக்கொண்டிருக்கிறான்,
பெருநாளில் பந்தடிக்க.
எதிரணிக்கு ஆள்?
"கடல் இருக்கே."

யோர்மான் மட்டும் பலகை முன்னால் நின்றுகொண்டே இருந்தான்.
காரகாஸில் சிறுவனாக இருந்தபோது
விடியற்பூசைக்குத் தெருவே சக்கரக் காலணியில் உருளுமாம்.
தங்கை கால் கட்டைவிரலில் நூல் கட்டி
மறுநுனியைச் சன்னலுக்கு வெளியே விட்டுத் தூங்குவாள்,
போகிறவர்கள் இழுத்து எழுப்ப.
"இப்போது மாட்ரிட்டில் இருக்கிறாள்.
ஒன்பதாம் மாடி."
சொல்லிவிட்டு இயந்திர அறைக்கு இறங்கிப் போனான்.

எனக்கு நட்டமில்லை.
எங்கள் விருந்து இருபத்துநாலு இரவுதான்,
முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகு.
கிதீனியா வீட்டில் அதைத் தேடிச் சொல்வது என் வேலை.
அதே வேலைக்குத்தான் இப்போது சம்பளம் வாங்குகிறேன்.
மேசைவிரிப்புக்கு அடியில் வைக்கோல் வேண்டும்;
பெட்டிகளுக்கு முட்டுக்கொடுத்த மரத்தூள் கொஞ்சம் தூவினேன்.
பீட்ரூட் சூப்.
எண்ணிக்கைக்கு மேல் ஒரு தட்டு,
சொல்லாமல் வருகிறவருக்கு.
பசிபிக்கின் நடுவில் யார் வருவார் என்று கேட்டார்கள்.
வழக்கம் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

ஒன்பது மணிக்கு, கையெல்லாம் கரி,
யோர்மான் வந்து அந்தத் தட்டில் உட்கார்ந்தான்.
பட்டினியாக வந்ததால்
யாருக்கு வைத்தது என்று கேட்கவில்லை.

நள்ளிரவுக் காவலில் என்னோடு இயோதேபா.
இருட்டைப் பார்த்தபடி சொன்னான்:
"நான் பிறந்த தீவின் பேரே இந்தப் பண்டிகைதான்.
எங்கள் எழுத்தில் 'ஸ்' கிடையாது,
'தி' என்று எழுதி 'ஸ்' என்று வாசிப்போம்.
எனக்கு ஐந்து வயதில்
அரசாங்கம் இந்தக் கோட்டை எங்களுக்கு அந்தப் பக்கம் நகர்த்தியது.
ஒரு நாள் எங்களுக்கும் வரவில்லை.
அன்றைக்குத் தருவதாகச் சொன்ன கடனை
அப்பா கடைசிவரை தரவில்லை."
சிரித்தோம்.
ரேடாரில் மழை மட்டும் பச்சையாக.

00:00.
பேனாவை எடுத்து எழுதினேன்: 26.
காற்று வடகிழக்கு, அலை மூன்று மீட்டர்.
கப்பல் எதையும் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

காலையில் காப்டன் யெர்கோ மேலே வந்தார்.
பதின்மூன்றாம் தேதி, அவர் ஊர் வழக்கப்படி,
சாசரில் கோதுமை விதைத்து
வரைபட மேசையோரம் வைத்திருந்தார்.
தினமும் அளவுகோல் வைத்துக் குறிக்கிற மனிதர்.
"ஒரு விரல் வளர்ந்திருக்கிறது" என்றார்,
"எந்தத் தேதியில் எழுத?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
அவர் தண்ணீர் ஊற்றினார்.