எதிர்: ஒன்று

குறிப்பேட்டில் நான் எழுதியது இவ்வளவுதான்:
ஆதரவு, நாற்பத்தொன்று.
எதிர், ஒன்று.

கலீசியக் கரையில் எங்கள் சங்கக் கூடம்.
டீசலும் காப்பியும் கலந்து மணக்கும் நவம்பர் மாலை.
கேள்வி சின்னது:
சாம்பல் திட்டை இந்தக் குளிர்காலம்
மட்டி வாரத் திறப்பதா, மூடுவதா.
கிறிஸ்துமஸுக்கு விலை ஏறும்.
திறப்பது என்ற முடிவு
எங்களுக்கு முன்பே வந்து
நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

நானும் கை தூக்கினேன்.
ஏனென்று கேட்டால்,
பக்கத்தில் ஒப்துலியாவின் கை உயர்ந்தது,
என் கை கன்றுக்குட்டி மாதிரி
அதன் பின்னாலேயே போயிற்று.
எங்கள் பைக்குழலில் நீளக் குழல் ஒன்றுண்டு;
மெட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும்
அது ஒரே சுருதியில் ஒத்து ஊதும்.
அன்று நாங்கள் நாற்பத்தொரு பேரும்
அந்தக் குழல்.

தோசிந்தா எழுந்தாள்.
இருபத்தாறு வருடமாகக் கூட்டத்துக்கு வருகிறவள்.
கதவைச் சாத்துங்கள், குளிர்கிறது
என்பதைத் தவிர
அங்கே அவள் எதுவும் சொன்னதில்லை.

"கணக்கு எனக்கு வராது.
காலுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.
போன வருடம் அந்த மணலில் நின்றால்
பூட்ஸுக்கு அடியில் மட்டி நெறுநெறுக்கும்.
இப்போது சும்மா கிடக்கிறது, சலித்த மாவு மாதிரி.
மூடிவிடுங்கள்."

"அப்படியானால் ஓட்டையும்
காலைத் தூக்கியே போடு" என்றார்
பொருளாளர் லிசார்தோ.
கூடம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.
உட்காரவில்லை.
அவள் கழுத்து சிவந்து
காது வரை ஏறியதைப் பார்த்தேன்.
விழுங்கினால் குத்தும், துப்பினால் கீறும்
மீன்முள் அது. நான் வெகுகாலமாக
சோற்று உருண்டையோடு சேர்த்து
உள்ளே தள்ளிப் பழகியவள்.

திட்டைத் திறந்தோம்.
முதல் வற்றத்துக்கே அவளும் வந்தாள்,
வாளியோடு, வாரியோடு,
தோற்றவள் முகம் எதுவும் இல்லாமல்.
அவளைச் சுற்றி மட்டும்
இரண்டு ஆள் இடைவெளி விட்டு வாரினோம்.
யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை.
அதற்கும் ஒரு கை உயர்ந்திருக்க வேண்டும்,
நான் கவனிக்கவில்லை.

மூன்றாம் வாரம் தெற்கு ஓரத்தில்
அளவு வளையத்துக்குள் நுழையாத
கொழுத்த மட்டிகள், வாளி வாளியாக.
லிசார்தோ அவளைப் பார்த்துத்
தன் காலைத் தட்டிக் காட்டினார்.

ஜனவரிக் கூட்டத்தில் மறுபடி எழுந்தாள்.
"தெற்கைப் பற்றி நான் சொன்னது தப்பு.
வடக்கைப் பற்றி
இன்னும் அதையேதான் சொல்கிறேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.
எனக்குத்தான் சிக்கல்.
ஏட்டில் ஆதரவுக்கு ஒரு பத்தி,
எதிர்ப்புக்கு ஒரு பத்தி, நடுவே கோடு.
பாதியை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டவளை
எங்கே எழுதுவது?
கோட்டின் மேலேயே எழுதினேன்.
மை இரண்டு பக்கமும் ஊறிவிட்டது.

வீட்டுக்கு வந்து தூக்கமில்லை.
தப்பாகிப்போக அவளிடம் ஒரு சொல் இருந்தது.
கடல் அதைத் திருத்திக் கொடுத்தது.
என்னுடையதைத் திருத்த
எந்த ஓதம் வரும்?
மணலில் நான் எதையும் வைக்கவில்லையே.

விடியுமுன் எழுந்து
வடக்கு ஓரத்துக்குத் தனியாகப் போனேன்.
பூட்ஸைக் கழற்றினேன். காலுறையையும்.
ஜனவரித் தண்ணீர் எலும்பைக் கடித்தது.
கொஞ்ச நேரம் வலி மட்டும்தான்.
பிறகு வலி மரத்துப்போன இடத்தில்,
இடது குதிகாலுக்குக் கீழே,
ஏதோ தெரிய ஆரம்பித்தது.

வியாழக்கிழமை கூட்டத்தில் சொல்கிறேன்.
தோசிந்தாவுக்குப் பிடிக்காது.