காத்திருந்த நேரம்

புகார்ச் சீட்டில் ஒரே வரி:
லிப்ட் மிக மெதுவாகப் போகிறது.
எழுதியவர் சூரிச்சிலிருந்து வந்து தங்கிய விருந்தாளி.
பேர்னிலிருந்து நாலு மணி நேரம் ரயிலில் வந்தேன்
அந்த ஒரு வரிக்காக.

ஸ்குவோலில் நவம்பர்.
கோடைக்காரர்கள் போய்விட்டார்கள், பனிக்காரர்கள் வரவில்லை.
பேக்கரி மூடல். வங்கி வியாழன் மட்டும்.
ஓட்டல் கதவில் ஒட்டிய தாள்:
'வருவோம்.'
எப்போது என்று எழுதவில்லை.

கருவிப்பெட்டியை ஊர் நீரூற்றடியில் வைத்தேன்.
இரண்டு குழாய். ஒன்றில் தண்ணீர்,
மற்றதில்
வேலைநடுவே பல்லில் கடித்த ஆணியின் ருசி.
லார்ச் மரங்கள் மஞ்சளை உதிர்த்துக்கொண்டிருந்தன,
அதையும் ஒவ்வோர் ஊசியாக.
மூன்று முறை மணி பார்த்தேன்.
நாலாம் முறை பார்த்தது மணியைத்தானா, தெரியாது.

நாலரைக்கு வந்தார் ஆந்த்ரி,
ஈரத் தலை, தோளில் துண்டு,
வெந்நீர்க் குளத்திலிருந்து நேராக.
'அல்லெக்ரா' என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

ஏறிப் பார்த்தோம்.
நாலு மாடிக்கு ஐம்பத்திரண்டு நொடி.
கண்ணாடிக்கு வெளியே ஒரு சுவர்,
அப்புறம் கூரைகள், கூரைக்கு அப்பால்
ஆறு,
ஆற்றின் மேல் மலையின் இடுப்பு.

'வேகம் கூட்டலாம், பத்து நிமிட வேலை.'
'கூட்டினால் ஆற்றைத் தவறவிடுவார்களே.'

பையத் தின்றால் பனையும் தின்னலாம்,
வாய்வரை வந்தது.
என் ஜெர்மனில் பனை முளைக்காது.

படிவம் நிரப்பினேன்.
பழுது: இல்லை.
பயணம்: எட்டு மணி நேரம், போகவர.
காத்திருந்த நேரம் என்று ஒரு கட்டம்,
கம்பெனி அதற்கும் காசு வாங்கும்.
காலியாக விட்டேன்.