ஒன்றரைக் கிலோ

வாழைச்சேனைத் துறைமுகம், காலை ஆறரை.
கொழும்பிலிருந்து வந்த ரெஜிபோம் பெட்டிக்குள்
ட்ரை ஐஸ். சீட்டில் ஐந்து கிலோ.
பெட்டியைக் கழித்து என் தராசில் மூன்றரை.

"மிச்சம் எங்க?" சபாநேசன் கேட்கிறார்.
லொறிக்கார மக்பூல் பெட்டியைத் தூக்கி
அடியைத் தடவிக் காட்டுகிறான். ஈரமில்லை.
"ஒழுகாமக் குறைஞ்சா அது களவுதான்."

பக்கத்தில் சாக்குக்குள் கிடக்கும் ஐஸ்கட்டி
போகுமிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறது:
சீமெந்தில் கோடு, என் செருப்பில் சதசதப்பு,
சூரை இரத்தம் கலந்து
கான் வரைக்கும்.
அதன் குறைவுக்கு இதுவரை யாரும் கணக்குக் கேட்டதில்லை.

மூடி திறந்தால் வெள்ளைப் புகை வழிந்து
எங்கள் கணுக்காலைச் சுற்றுகிறது.
"இந்தா போகுது உங்கட ஒண்டரக் கிலோ!"

அதுவுமில்லை, மக்பூல்.
போவது கண்ணுக்குத் தெரியாது.
தெரிவது நம் காற்றின் ஈரம்,
ஓட்டமாவடிப் பாலத்தடியிலிருந்து வந்தது,
குளிர் தொட்டு வெளுத்துப்போனது.

கொப்பியில் 'கசிவு' என்றொரு கட்டம் உண்டு,
'உடைவு' என்றொன்று.
பக்கத்தில் கோடிழுத்து
'காற்று' என்று எழுதினேன்.

சபாநேசன் வெகுநேரம் பார்த்தார்.
மறுகா பேனையை வாங்கினார்.
அவர் ஒப்பம் வைத்து முடிக்க
தராசு மூன்றரையில் இல்லை.