இரண்டு ரூபாய் இடைவெளி

குன்னூர், பெட்போர்டுக்குக் கீழே
நாலு மாடி அலுவலகக் கட்டடம்.
பதிவேட்டில் ஒன்பது தீக்கதவுகள்.
எட்டைப் பார்த்தாயிற்று.

ஒன்பதாவது திறந்தே நிற்கிறது,
மூன்றாம் மாடி, தேயிலைத் தரகர் வாசல்.
முட்டுக்கொடுத்திருப்பது மாதிரித்தூள் அட்டைப்பெட்டி,
போன ஏலத்தில் விலைபோகாத லாட்.
கதவின் நெற்றியில் சிவப்பு எழுத்து:
எப்போதும் மூடியே வைக்கவும்.
அதன்மேல் பாதிக்கு ஒரு சீட்டுக் கம்பெனி காலண்டர்.

"நீங்க வர்ற அன்னிக்கு எடுத்துடுவோம் மேடம்,
இன்னிக்கு மறந்துட்டோம்"
என்கிறார் கணக்குப் பிரிவு மெஹருன்னிசா.
பொய் வராது அவருக்கு.

பெட்டியை நகர்த்தினேன்.
ஐப்பசி மழையில் ஊதிய மரம்,
மேலே இரும்புக் கைக்குள் குளிரில் கெட்டித்த எண்ணெய்.
ஏழு, எட்டு, ஒன்பது…
தாழுக்கு இரண்டு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது
சொல்ல வந்ததை விழுங்கியவர் போல.

தள்ளி மூடி, இடுக்கில்
இரண்டு ஒற்றை ரூபாயை அடுக்கிச் செருகினேன்.
கீல் பக்கம் கவ்வியது.
பூட்டுப் பக்கம் நழுவிப் படியில் உருண்டது.
எடுக்கப் போன காவலாளி ஜோகி
ஒன்றைத்தான் கொண்டுவந்தார்.

சூடு பட்டால் அப்பளமாய்ப் பொங்கி
இடுக்கை அடைக்கவேண்டிய பட்டைக்கு
மூன்று முறை பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

புகைக்கு ஊதுபத்தி வைத்திருந்தேன்.
பற்றவைக்குமுன் மஞ்சு வந்துவிட்டது,
மாடிப்படி ஜன்னலில் ஏறி,
மூடிய கதவின் அடியில் நுழைந்து,
மெஹருன்னிசாவின் செருப்புவரை.
அவர் காலை இழுத்துக்கொண்டார்.

ஸ்டூல் கேட்டு ஏறி
திருகைக் கால் சுற்று திருப்பினேன்.
இன்னும் கொஞ்சம்.
க்ளிக்.
இந்தக் கட்டடத்தில் எனக்குப் பிடித்த சத்தம்.

அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கம்
முழங்கையால் ஒரு தட்டல்.
மரியசூசை. இரண்டு கையிலும் தட்டு,
பதினாறு டம்ளர்.
பெட்டி யாருக்காக என்று
மூன்று வருட அறிக்கையில் ஒருதரமும் நான் கேட்டதில்லை.

திறந்துவிட்டேன்.
எழுதினேன்: மணி அடித்தால் கையை விட்டுவிடும்
காந்தப்பிடி ஒன்று, உடனடியாக.
'உடனடியாக'வை அடிக்கோடிட்டேன்.
உடனடியாக என்றால்
மூன்று கொட்டேஷன், ஒரு கமிட்டி, பங்குனி.

இரண்டாம் மாடி திரும்பும்போது
மேலே தரையில்
அட்டைப்பெட்டி இழுபடுகிறது.

நின்றேன்.
டீ இன்னும் நாக்கில் சூடாக இருந்தது.
திரும்ப ஏறினேன்.