ஒரு சொல் குறைந்த பிரதி

தொண்ணூற்றிரண்டு ஆடுகள்.
பண்டசாலைக்காரர் கோம்பேர் இன்றும் சொல்லிக்காட்டுவார்,
இசம்பாரின் நூலுக்கென்று உரித்தவை தொண்ணூற்றிரண்டு,
கடவுளைப் பற்றி அவ்வளவு சொல்ல இருக்கிறதா என்று.

நான் நகலெடுப்பவன். எனக்குத் தெரிந்தது தோல்.
முதுகுப்பக்கம் மஞ்சள், வயிற்றுப்பக்கம் வெளுப்பு.
உண்ணி கடித்த இடத்தில் ஓட்டை விழும்;
அதைச் சுற்றிக்கொண்டு போகும் என் வரி,
குட்டையைச் சுற்றிப்போகும் கழுதை மாதிரி.
அந்தப் பனிக்காலம் மை உறைந்தது.
மைக்கொம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு
நாளைக்கு இரண்டு பக்கம்.

முப்பத்தோராம் ஏட்டின் நடுவில்
இசம்பார் எழுதியிருந்தது இது:
கடவுள் துயருறுவதில்லை.
எங்கள் லத்தீனில் அந்த மறுப்பு தனிச்சொல், 'நோன்'.
அதையும் ஓர் எழுத்தாகச் சுருக்கி
தலைக்கு மேல் கோடு இழுப்போம்.
பேன் அளவுதான் இருக்கும்.

'கடவுள்' என்று எழுதி முடித்தேன்.
அப்போது பலகையை அடித்தார்கள்.

சாகிறவனுக்காக அடிக்கிற பலகை.
கேட்டால் போட்டது போட்டபடி
விசுவாச அறிக்கையைச் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும்.
எங்கள் மடத்தில் ஓட அனுமதி அதற்கு மட்டும்தான்.

நோயில்லத் தரையில் சாம்பலைச் சிலுவையாகத் தூவி
அதன்மேல் சாக்கு விரித்து
சாக்கின்மேல் எவ்ரார்.
ஒன்பது வயது. விளைச்சல் பொய்த்த ஆண்டில்
பலிபீடத் துணியை அவன் கையில் சுற்றி
அப்பன் எங்களிடம் விட்டுப்போனான்.
பாட்டில் சுருதி சேராது.
திராட்சைத் தோட்டத்து நத்தைகளைப் பொறுக்கி
அங்கிக்குள் வைத்துக்கொள்வான்.
சாம்பல் சிலுவை, பெரியவர்களுக்கான அளவு.
அவன் கால் அதன் கீழ்முனையை எட்டவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
மை மறுபடி உறைந்திருந்தது. ஊதினேன்.
அடுத்த சொல்லை எழுதினேன்.
துயருறுகிறார்.

தவறு என்றுதான் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்.
மூன்று முறை சொன்னேன்,
மூன்று வேறு குருக்களிடம்.

பிரதி ஓசேருக்குப் போயிற்று.
அங்கே கைமாறிக் கைமாறி ஆயர்களிடம் சிக்கியது.
இசம்பாரை அழைத்தார்கள். கோவேறுகழுதை பிடிக்க நானும் போனேன்,
ஆறு நாள், சேற்றில்.
விலாங்கு தின்ற விரலைத் துடைக்காமல்
ஓர் ஆயர் அந்த வரிமேல் வைத்தார்.
'நீர் எழுதியதா?'

இசம்பார் குனிந்து பார்த்தார்.
என் கையெழுத்து அவருக்குத் தெரியும்.
'நகலெடுத்தவன் பிழை' என்றால் போதும்.
தூணோரம் நின்ற நானும் சொல்லியிருக்கலாம்.
அவர் வாய் திறந்தார். தண்ணீர் கேட்டார்.
குடித்துவிட்டு மறுபடி படித்தார்,
உதடு அசைய, எழுத்துக்கூட்டும் பிள்ளைபோல.
'ஆம்' என்றார்.

தோல் லேசில் எரியாது.
சுருண்டு, கொழுப்பு கசிந்து,
முற்றமெல்லாம் சமையற்கட்டு வாசனை.
நாங்கள் இறைச்சி தொடாதவர்கள். எனக்கு எச்சில் ஊறியது.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு ஏழாண்டு மௌனம் விதித்தார்கள்.
ஐந்தாவது நடக்கிறது.
என்னை விலாங்குக் குளத்துக்கு மாற்றினார்கள்;
வேறு காரணம் சொன்னார்கள், கண் மங்கல் என்று.

பார்த்துக்கொண்டால் விரலால் பேசுவோம்.
மீனுக்குக் கையை வாலாக அசைக்க வேண்டும்.
தேனுக்கு நாக்கில் விரல்.
புத்தகத்துக்கு ஏடு புரட்டல்.
'ஏன்' என்பதற்கு எங்களிடம் சைகை இல்லை.

நேற்று குளக்கரைக்கு வந்தார்.
தன் கைப்பட எழுதிய மூல ஏட்டை என் மடியில் வைத்தார்,
அதன்மேல் எழுத்து சுரண்டும் கத்தியை.
போய்விட்டார்.
முப்பத்தோராம் ஏடு.
அந்த ஓரெழுத்து இருக்கிறது, தலைக்கு மேல் கோட்டோடு.

கத்தி கூர்தான்.
இன்று விலாங்கு உரிக்க
அதைத்தான் எடுத்தேன்.