சேத மதிப்பீடு, கோட்டூர்புரம்

பாலிசியில் ஒரே வரி:
‘எண்ணெய் ஓவியம், நான்கடிக்கு ஆறடி,
நதிக்கரை, மரங்கள், ஒரு பெண்.’
அவ்வளவுக்குத்தான் பிரீமியம் கட்டியிருந்தார்கள்.

அடையாறு வந்து போய் ஒன்பது நாள்.
சோபா வெயிலில் கிடக்கிறது.
பீரோவின் கீழ்த்தட்டில் யாருடையதோ ஒற்றைச் செருப்பு.
சுவரில் மார்பளவுக்கு ஒரு பழுப்புக் கோடு
ஓவியத்தின் சட்டத்துக்குள்ளும் நுழைந்து
அந்தப் பக்கம் வெளியேறுகிறது, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல.

கோட்டுக்கு மேலே எதுவும் நனையவில்லை.
வெளிறிய மலை, அடிவாரத்தில் ஆசிரமத்துப் புகை,
எறும்பளவில் ஒருவர் தவத்தில்.
கரையில் அவள். கையில் குடம்,
சுடாத குடம், ஈர மணலின் நிறத்திலேயே இருக்கிறது.
பாதம் சரியாகக் கோட்டில்.

கோட்டுக்குக் கீழே ஆறு இருந்ததாம்.
இப்போது ஆற்றின் மேல் ஆறு.

‘தண்ணிக்குள்ளதான் கந்தர்வன் இருந்தான்,’
என்கிறார் பிரமிளா எதிராஜ்.
‘பறந்து போறவனோட நிழல். முகம் அவ்வளவு லட்சணம்.’
வானத்தைப் பார்க்கிறேன். யாருமில்லை.
‘மேல எப்பவுமே கிடையாது. கீழ மட்டுந்தான்.
மாமனார் சொல்வார், அவன் அவ கண்ணுக்குள்ள இருந்தவன்னு.
எனக்கென்னவோ பெயிண்டருக்கு இடம் பத்தலன்னு தோணும்.’

ஈரமானியை வைக்கிறேன். எண் ஏறிக்கொண்டே போகிறது.
ரேணுகையின் குற்றத்துக்கு இருந்த ஒரே சாட்சி
செம்பரம்பாக்கத்துத் தண்ணீரில் கரைந்துவிட்டது.
இனி அவள் குனிந்து பார்ப்பது வெறும் சேறு.
குடம் உடைய வேண்டியதில்லை.
வீட்டுக்குப் போகலாம், நேரத்தோடு.

அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன் மனசுக்குள்,
அவளுக்குப் பின்னால் அந்தப் பாறைகளை எண்ணும்வரை.
நான்கு.
ஒன்றுக்குத் தோள் மாதிரி ஒரு சரிவு.
ஒன்று முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி.
வெட்ட மாட்டேன் என்ற நான்கு பிள்ளைகள்.
குடம் இன்னும் முழுசாக இருக்கிறது,
அதற்குள் பாறைகள்மேல் பாசி.

வரைந்தவனுக்குக் கதை தெரியாதா?
தெரிந்ததால்தானா?
அந்த வீட்டில் தீர்ப்பை எழுதி வைத்துவிட்டுத்தான்
தண்ணீருக்கு அனுப்பினார்களா?
இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

துடைப்பத்தை நிறுத்திவிட்டு நாகபூஷணம் வந்து நிற்கிறாள்.
சைதாப்பேட்டைக்காரி. அவள் வீட்டைப் பார்க்க
மதிப்பீட்டாளர் யாரும் வரவில்லை.
‘ரேணுகாம்மாவா சார் இது?’
ஆமாம்.
கழுத்தைப் பார்க்கிறாள், பிறகு தோள், பிறகு கை.
‘எங்க தெரு கோயில்ல தலை மட்டுந்தான் சார் கீது.
உடம்போட இன்னிக்குத்தான் பாக்குறேன்.’
விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு
தொடாமல், குடத்துக்குக் கீழே ஒரு நொடி
உள்ளங்கையை ஏந்தி வைத்திருந்தாள்.

பேனா எழுதவில்லை. உதறினேன்.

ஆறு: முழுச் சேதம்.
நிழல்: ஆவணத்தில் இல்லை, இழப்பீடு இல்லை.
பெண்: பாதம் மட்டும்.
பாறைகள் நான்கு: சேதமில்லை.