ஒன்றரை சென்டிமீட்டர்

கோக் லியோங் கடைக் கண்ணாடி மேசைமேல்
மூன்று பெட்டிகள்.
ஒன்றில் கழுகு. ஒன்றில் இரும்புக் கையுறை.
மூன்றாவதில் படமே இல்லை, வெறும் சாம்பல்.
"உள்ள ஒரே சில்லுதான் தங்கச்சி,
சட்டைதான் வேற" என்கிறான்.

சட்டைக்கும் சட்டைக்கும்
ஐந்நூற்று நாற்பது வெள்ளி.

பீடோரில் மழை வரும்போல இருக்கிறது.
பக்கத்துப் பட்டறையில் யாரோ
மோட்டார் சைக்கிளை முறுக்கி முறுக்கி
என் யோசனையைக் கலைக்கிறார்கள்.

நான் ஆலையில் எடைமேடைக் கிராணி.
நாளுக்கு அறுபது லாரி.
கதவுகளில் வெவ்வேறு தோட்டத்துப் பெயர்,
முதுகில் ஒரே செம்பனைக் குலை.
மாலைக்குள் எல்லாம் ஒரே தொட்டியில் எண்ணெய்.
அது எங்கேயோ போய் வெளுத்து
ஆறு பெயரில், ஆறு மூடி நிறத்தில்
மினிமார்க்கெட் அடுக்குக்குத் திரும்பி வருகிறது.
அம்மாவுக்கு மஞ்சள் மூடிதான் வேண்டும்,
பச்சையில் அப்பளம் பொரியாதாம்.
நான் வாயைத் திறப்பதில்லை.

ஆக, பெயருக்கு மயங்குகிற ஆளில்லை.
ஆனாலும்
ஒரே நாற்றங்காலில் கன்றெடுத்த மரம்தான் என்றாலும்
வெட்டிய அன்றே வரும் குலையும்
மூன்று நாள் வெயிலில் கிடந்து வரும் குலையும்
ஒன்றல்ல.
தராசு இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.
மூக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

சில்லும் அப்படித்தானே?
பிறப்பு ஒன்று.
யார் கையில் சூடு தணிகிறது என்பதுதான் கேள்வி.

இரண்டு இரவு தூங்காமல் ஒப்பிட்டேன்.
கழுகுக்கு மூன்று விசிறி, வானவில் விளக்கு,
முதுகில் ஒரு வாசகம்: பாய்ந்திடு.
பழுதானால் கோலாலம்பூருக்குக் கட்டி அனுப்ப வேண்டும்,
போக வர ஆறு வாரம்.
தையில் ஆறு வாரம் என்றால்
எத்தனை தாலி, எத்தனை மாலை, எத்தனை மாமன் சண்டை
என் வன்தட்டில் வெட்டாமல் கிடக்கும்!
சாம்பல் மலிவு, குட்டை, ஈப்போவிலேயே மாற்றலாம்.
பாரம் ஏறினால் மட்டும்
மாவு மில் மாதிரி கத்துமாம்.
கையுறையும் ஈப்போதான். ஐந்து டிகிரி குறைவு.
வேலை இல்லாதபோது விசிறி நின்றேவிடும்.

"விளக்கு உள்ளதா வாங்கு,
கல்யாண வீட்டுக்காரங்க வந்தா மதிப்பாங்க"
என்றான் பாலன்.
பாய்லர் பக்கத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவன்,
கொட்டாவியோடு.
எனக்கும் அவன் கட்டிலுக்கும் நடுவே
ஒரே ஒரு பலகைச் சுவர்.
"சத்தம்?" என்றேன்.
"என்னா?" என்றான்.
"சத்தம்."
"அதெல்லாம் எனக்குக் கேக்காது புள்ள" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை எந்த அட்டவணையில் போடுவது?
தேநீர் குடிக்கும்போதும் இப்போதெல்லாம்
வலது காதைத் திருப்பித்தான் பேச்சைக் கேட்கிறான்.

கைப்பையிலிருந்து தையல் அளவுநாடாவை எடுத்தேன்.
கோக் லியோங் இடுப்பில் கை வைத்துச் சிரிக்கிறான்.
என் பழைய கேபினெட்டில் இடம் இருபத்தொன்பது.
கையுறை முப்பதரை.
மூன்று முறை அளந்தேன்,
நாடா இரங்கவில்லை.

இரண்டாயிரத்து நூற்றிருபது எண்ணி வைத்தேன்.
ரசீதில் பெயர் கேட்டான்.
நித்தியகலா என்று எழுத
அவனுக்கு இரண்டு வரி பிடித்தது.

இப்போது வீட்டு வாசலில் மழை.
பாலன் கேபினெட்டைக் காலிடையில் இடுக்கிக்கொண்டு
வன்தட்டுக் கூண்டை
இரும்பறுக்கும் ரம்பத்தால் அறுக்கிறான்.
பல் கூசுகிறது, தெரு நாய் எழுந்து போய்விட்டது,
எதிர்வீட்டு அமராவதி அக்கா
சன்னலைச் சாத்துகிறார்.

சத்தமே போடாத ஒன்று
உள்ளே வருவதற்கு
இத்தனை சத்தம்.